கைலித் துணியில் கட்டிய உப்பு

நம் டிங்கர், வெல்டர் சங்கத்தின் மலருக்கு என் வேலைக்கால அனுபவத்தை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டு மூன்று மாதமாகிறது. எட்டாம் வகுப்பு படித்தவன் என்னத்தை எழுதுவது என்று நாளைக் கடத்திக்கொண்டே வந்தேன். போன வாரம் வண்ணார்பேட்டையில் ஒரு பட்டறையில் பார்த்த காட்சிதான் இப்போது என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது.

இருபத்தைந்து வயதான ஒரு சின்னக் கார். தினமும் அதில்தான் ஆபீசுக்குப் போய்வருகிறாராம் ஒரு தம்பி. வளைவில் வண்டி ஆடுகிறது, சேஸை விறைப்பாக்க வேண்டும் என்று கைபேசியில் வீடியோ பார்த்து, எங்கிருந்தோ ஒரு சிவப்புக் கம்பி வரவழைத்திருந்தார். என்ஜினுக்கு மேலே இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சேர்த்து போல்ட் போட்டுவிட்டார்கள். கல்யாண மாப்பிள்ளைக்கு மாலை போட்டதுபோல இருந்தது. பானெட்டைத் திறந்து வைத்து நாலு பக்கமும் படம் எடுத்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். குனிந்து கதவுக்குக் கீழே ஓடும் தகரத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

"அண்ணாச்சி, நல்லா இருந்த வண்டியை ஓட்டை போட்டுட்டீரே!" என்றார் பட்டறைக்காரர்.

என் விரல் வரும்வரை அந்தக் கார் ஆரோக்கியமாகத்தான் இருந்திருக்கிறது. பாவம் என் விரல்.

லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் தனியாகச் சேஸ் என்ற இரும்புச் சட்டம் உண்டு. பெரும்பாலான கார்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, தகரமே சேஸ். அதிலும் கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிதான் முதுகெலும்பு. எங்கள் பட்டறையில் அதைப் படிப்பெட்டி என்போம். அது செத்துப்போனால் மேலே தங்கத்தில் கம்பி போட்டாலும் கார் நடுவில் தொய்யும். இதைச் சொல்ல எனக்கு ஒரு தனித் தகுதி இருக்கிறது. படிப்பெட்டி எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு நம் மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது. நானே கொன்றிருக்கிறேன்.

என் தொழில் பழக்கத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்று வருடம் தேய்ப்புத் தாள், இரண்டு வருடம் சுத்தியல், பிறகு வெல்டிங். இந்த மலரை வாசிக்கிற எல்லாரும் அதே திட்டைத்தான் வாங்கியிருப்பீர்கள். என்னைத் திட்டியவர் மேலப்பாளையம் காதர் மேஸ்திரி. பட்டறையும் அவருடையதே.

மேஸ்திரி வாயால் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டதில்லை. வேலை முடிந்த காரின் கதவை ஒரு சாண் திறந்து கையை விட்டுவிடுவார். கதவு தானாகப் போய் மூடவேண்டும். சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார். சரியாக இருந்தால் "பேசுது" என்பார். இல்லையென்றால் "இருமுது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். காதில் எப்போதும் ஒரு பீடி இருக்கும். அதைப் பற்றவைக்கமாட்டார். அது அளவுகோல். கதவுக்கும் தூணுக்கும் இடையே உள்ள சந்தில் அந்தப் பீடியின் பருத்த முனையை வைத்து மேலிருந்து கீழே இழுப்பார். எல்லா இடத்திலும் ஒரே உரசலில் வரவேண்டும். எங்கேயாவது சிக்கினாலோ வழுக்கினாலோ கார் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். இப்போது இதற்கு வெளிச்சம் அடிக்கிற கருவி வந்திருக்கிறதாம். வரட்டும். பீடிக்கு பேட்டரி வேண்டாம்.

நான் சாமி கும்பிடுகிறவன். நெற்றியில் திருநீறு இல்லாமல் வெல்டிங் கண்ணாடி போட்டதில்லை. மேஸ்திரி என்னைப் பூசாரி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏலே பூசாரி, நெத்தியில பூசுத நேரத்துல கொஞ்சம் பட்டியும் ஒழுங்கா பூசு."

"உம்ம தொழுகையை நான் ஏதும் சொல்லுதேனா மேஸ்திரி?"

"நான் அல்லாவைக் கூப்பிடுதது எனக்கு. நீ உங்க சாமியைக் கூப்பிட்டு வெல்டிங்கைப் பிடிச்சுக்கச் சொல்லுதியே, அதாம்லே பிரச்சினை."

வேலை முடிந்த காருக்குத் திருஷ்டிக்காகக் கல் உப்பு, படிகாரம், கரித்துண்டு மூன்றையும் சேர்த்துத் துணியில் கட்டி முன்பக்கம் தொங்கவிடுவது என் வழக்கம். ஒரு தடவை நான் கட்டிவிட்ட கார் சேரன்மகாதேவி அருகே கால்வாயில் கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர் சட்டை கசங்காமல் எழுந்து வந்தார். வந்தவர் நேரே பட்டறைக்குத் தேங்காய் பழத்தோடு வந்து என் கையில் கொடுத்தார். கால்வாயில் தண்ணீர் இல்லை, மணல்தான் கிடந்தது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் உப்புச்சாமி. வண்டி விட வருகிறவர்கள் மேஸ்திரியிடம் கூலி பேசிவிட்டு, என்னிடம் வந்து கும்பிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து கோமதி டீச்சர் ஒரு பழைய உருண்டைக் காரைப் பெயிண்ட் வேலைக்குக் கொண்டுவந்தார். அவர் மாமனார் காலத்து வண்டி. வேலை முடிந்ததும் உப்புக் கட்டவும் வேண்டும், ஆனால் தொங்கவும் கூடாது என்றார்.

"ஸ்கூலுக்குப் போற வண்டி அண்ணாச்சி. முன்னால மூட்டை தொங்குனா பிள்ளைங்க எனக்குப் பேரு வச்சிருவாங்க."

எனக்கு மூளை வேலை செய்தது. படிப்பெட்டியின் அடியில், உள்ளே போகும் தண்ணீர் வடிவதற்காகக் கட்டைவிரல் நுழையும் அளவில் ஓட்டைகள் உண்டு. "அந்த ஓட்டையை ஒருக்காலும் அடைக்காதே" என்று மேஸ்திரி முதல் வருடமே தலையில் குட்டிச் சொன்னது. அன்று வெள்ளிக்கிழமை. மேஸ்திரி ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். அவர் அவருடைய கடமையைச் செய்யட்டும், நான் என்னுடையதைச் செய்கிறேன் என்று, சுத்தமான துணி தேடினேன். ஆணியில் மேஸ்திரியின் கிழிந்த கைலி தொங்கியது, பச்சைக் கட்டம் போட்டது. அதைக் கிழித்து, தூத்துக்குடி உப்பை விரல் தடிமனுக்குத் திரித்திரியாகச் சுருட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, பக்கத்துக்கு நாலாக ஓட்டை வழியே உள்ளே தள்ளினேன். கீழே விழுந்துவிடக் கூடாதே என்று ரப்பர் மூடி போட்டு எல்லா ஓட்டையையும் இறுக்க அடைத்தேன். கண்ணுக்குத் தெரியாத காவல். டீச்சரிடம் இடத்தைத் தொட்டுக் காட்டியபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

இந்த ஏற்பாடு பிடித்துப்போய், அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும். மேஸ்திரியின் கைலி குறைந்துகொண்டே வந்தது.

எட்டு ஐப்பசி மழை போயிருக்கும். ஒரு நாள் காலை அந்த உருண்டைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் டீச்சர். இடப்பக்கம் அவர் வீட்டுக்காரர் சண்முகவேல் அண்ணாச்சி. நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் வராது, பேச்சும் ஒன்றிரண்டு சொல்தான். அவர் பக்கத்துக் கதவு ஒரு வேட்டியால் சீட்டின் காலோடு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

"என்ன டீச்சர் இது?" என்றேன்.

"முந்தாநாள் பாபநாசம் ரோட்டு வளைவுல கதவு தானாத் திறந்துட்டு அண்ணாச்சி. இவங்க கதவுல சாஞ்சுல்லா உக்காருவாங்க. பாதி உடம்பு வெளிய போயிட்டு. ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில இவங்க இடுப்பு. எப்படி நிறுத்துனேன்னு இப்பவும் தெரியல."

தினமும் காலையில் அவரை அம்பாசமுத்திரத்தில் கைகால் பயிற்சிக்குக் கூட்டிப்போய், பிறகு நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு டீச்சர் பள்ளிக்கூடம் போகவேண்டும். ஆட்டோவில் ஏற்றிப் பார்த்து இரண்டு தடவை விழுந்திருக்கிறார். புதுக் கார்களின் சீட்டில் அவரைத் திருப்பி உட்காரவைக்க ஒரு பெண்பிள்ளையால் முடியாது. இந்தப் பழைய காரில் கதவு அகலம், முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளம். நாற்காலியிலிருந்து அப்படியே நகர்த்திவிடலாம். பார்த்த பட்டறையில் எல்லாம் இரும்புக் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார்களாம்.

"இந்தக் கார் போச்சுன்னா இவங்களுக்கு வெளி உலகமே கிடையாது அண்ணாச்சி" என்றவர், அடுத்து ஒரு வார்த்தை சொன்னார். "நீங்க கட்டின உப்புதான் அன்னிக்கு இவங்களைக் காப்பாத்திச்சு."

நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

மேஸ்திரி காதிலிருந்து பீடியை எடுத்தார். கதவின் மேல்சந்தில் பீடி நுழையவே இல்லை. கீழ்ச்சந்தில் இரண்டு பீடி சேர்ந்து போனது. கார் நடுவில் தொய்ந்து, மேலே வாயை இறுக்கிக் கீழே விரித்திருக்கிறது என்று பொருள். அண்ணாச்சியை இறக்கிவிட்டுப் பார்த்தால் கதவு கொஞ்சம் மூடியது. உட்காரவைத்தால் பூட்டு எட்டவில்லை. ஒரு மனிதரின் எடைக்குக் கார் வளைகிறது.

"படிப்பெட்டி போயிட்டு. வெட்டித் திறக்கணும்" என்றார் மேஸ்திரி.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே. "வெட்டவேண்டாம் மேஸ்திரி. அடியில கனமா ரெண்டு ஆங்கிள் இரும்பு வச்சு வெல்டு பிடிச்சா கல்லு மாதிரி நிக்கும்" என்றேன்.

"துரு மேல ஆங்கிளா? எதைப் பிடிச்சு நிக்கும்? உன் பக்தியைப் பிடிச்சா? ஆங்கிள் அப்படியே இருக்கும்லே, பக்கத்துத் தகரம் கிழிஞ்சு கையில வரும். நாப்பது வருசத் தொழில்காரன் பேசுத பேச்சா இது?"

அன்று சாயங்காலம் டவுணுக்குப் போய் நெல்லையப்பர் சன்னதியில் வெகுநேரம் நின்றேன். அந்த மனிதர் பத்திரமாக இருக்கவேண்டும் என்று வேண்டினேனா? இல்லை. வேலை நல்லபடி முடியவேண்டும் என்று? அதுவும் இல்லை. உள்ளே இருக்கும் துணி இத்தனை வருடத்தில் மக்கிக் காணாமல் போயிருக்கவேண்டும் என்று வேண்டினேன். திருநீறு பூசுகிறவன் இறைவனிடம் போய்க் கேட்ட வரம் அது. அவர் கொடுக்கவில்லை.

மறுநாள் மேஸ்திரியே இடப்பக்கப் படிப்பெட்டியின் வெளித்தகரத்தில், உள்ளே பார்க்கும் அளவுக்கு மட்டும் வெட்டித் திறந்தார். உள்ளேயிருந்து துருச் சேறு ஒரு வாளி விழுந்தது. அதோடு விறைத்துப்போன கறுப்புத் திரிகள் நாலு. மேஸ்திரி ஒன்றை எடுத்துத் துடைத்தார். பச்சைக் கட்டம் தெரிந்தது.

"இது என் கைலில்லா?"

அவர் திரியைப் பிரித்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். பிறகு அடைத்துக் கிடந்த ரப்பர் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வரிசையாக வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் திட்டவில்லை.

"எத்தனை வண்டிலே?"

"எண்ணலை மேஸ்திரி. இருபது இருக்கும்."

"உன் உப்பு, என் கைலி. ரெண்டு பேரும் சேந்துல்லா அந்த மனுசனை வளைவுல தள்ளிவிடப் பாத்திருக்கோம்." கையிலிருந்த திரியை மூடிகளின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர்ட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா, பாய் நம்ம சாமியைக் குறை சொல்லுதாருன்னு ஆயிரும். வேலை முடிஞ்சதும் சொல்லு. இல்லைன்னா எனக்கும் உனக்கும் சலாம்."

அந்த வேலை பதினாறு நாள் நடந்தது. சிவப்புக் கம்பிக்காரர்களுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், காரின் நடுவில் ஜாக்கி கொடுக்கக் கூடாது. "நடுவுல தூக்குனா கார் உனக்குப் பொய் சொல்லும்" என்பார் மேஸ்திரி. சக்கரம் தாங்குகிற இடங்களில் மட்டும் நாலு கட்டை வைத்து, தண்ணீர்க் குழாய் பிடித்து மட்டம் பார்த்தோம். பேட்டரியைக் கழற்றினோம். அண்ணாச்சியின் எடைக்கு மூட்டை கட்டி அவர் உட்காரும் இடத்தில் வைத்தோம். ஆற்று மணல் கிடைக்கிற காலமா இது? ஆறு பக்கத்தில் ஓடுகிற ஊரில் எம்-சாண்ட் மூட்டைதான். "சும்மா நிக்கிற காருக்கா வேலை பாக்கோம்? அவரைச் சுமக்கிற காருக்குலே" என்றார்.

பிறகு தொய்வை எடுப்பது. மட்டம் தெரிந்த பிறகு இப்போதுதான் நடுவில் தூக்கலாம்; நீளமான கட்டையைக் குறுக்கே கொடுத்து அதற்கடியில் ஜாக்கி. கால் சுற்றுத் திருகு, நிறுத்து, பீடி. மறுபடி கால் திருகு. "பைய, பைய. எட்டு வருசமா வளைஞ்சது, எட்டு நிமிசத்துல நிமிருமா?" அரைநாள் ஆனது. கதவுச் சந்தில் பீடி ஒரே உரசலில் இறங்கியதும், கதவு வாசலுக்குள் குழாயைக் குறுக்காக வைத்து வெல்டு பிடித்துக் காரை அந்த நிலையிலேயே பூட்டினோம். மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று பார்த்தோம். அதற்குப் பிறகுதான் துருவை வெட்டினோம், ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். நல்ல தகரம் வருகிற வரைக்கும் வெட்டவேண்டும். பாதியில் மனது இரங்கக் கூடாது.

புதுத் தகரத்தை மடித்துப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்தோம். பழைய தகரத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். சீட்டுக்கு அடியில் இடது பெட்டிக்கும் வலது பெட்டிக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய். வெல்டிங் விரல் நீளம்தான்; இங்கே ஒரு விரல், எதிர்க்கோடியில் ஒரு விரல், சூடு ஆறியதும் அடுத்தது. ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டுக்கே கார் திருகிக்கொள்ளும். கடைசியில் உள்ளே துருத் தடுப்புப் பெயிண்ட் ஊற்றி, தண்ணீர் வடியும் ஓட்டைகளை நானே துளைத்தேன். ஒவ்வொரு ஓட்டை போடும்போதும் மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அவர் திட்டியே இருக்கலாம்.

பதினேழாம் நாள் டீச்சரும் அண்ணாச்சியும் வந்தார்கள். அண்ணாச்சியைப் பழையபடி முன்சீட்டில் உட்காரவைத்தோம். மேஸ்திரி கதவை ஒரு சாண் திறந்து கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பேசுது."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கல் உப்பு. கோயிலில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். "அண்ணாச்சி, உங்க கையால பழைய இடத்துலயே வச்சிருங்க."

மேஸ்திரி பீடியைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். நான் உள்ளே போய் அந்த நாலு திரியையும் எடுத்து வந்து டீச்சர் முன்னால் வைத்தேன்.

"டீச்சர், உங்க காரைத் தின்னது இதுதான். நான்தான் வச்சேன். மேஸ்திரிக்குத் தெரியாது. தண்ணி வடியுற ஓட்டையையும் நான்தான் அடைச்சேன். அன்னிக்குக் கதவு திறந்ததுக்கு நான்தான் காரணம். உப்பு அவரைக் காப்பாத்தல. நீங்கதான் பிடிச்சீங்க."

டீச்சர் திரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கணக்கில் தப்புச் செய்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை. எனக்கு ஐம்பத்தாறு வயது அப்போது.

"எட்டு வருசமா வெள்ளி செவ்வாய்க்கு அந்த இடத்தைத் தொட்டுக் கும்பிட்டிருக்கேனே வே" என்றார். 'அண்ணாச்சி' போய் 'வே' வந்துவிட்டது. "இவங்களுக்கு டாக்டர் உப்பே ஆகாதுன்னு சொல்லி ஆறு வருசம் ஆகுது. ஒரு கல்லு கூடப் போடாம ஆக்கிப் போடுதேன். நீரு காருக்குள்ள கிலோக்கணக்குல ஊட்டியிருக்கீரு!"

அப்போது காருக்குள்ளிருந்து ஒரு சத்தம். சண்முகவேல் அண்ணாச்சி வராத கையை விட்டுவிட்டு நல்ல கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தார், டீச்சர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து.

"எ... எனக்கு... தா" என்றார்.

முதலில் சிரித்தது மேஸ்திரி. சுவரைப் பார்த்தபடியே தோள் குலுங்கியது. பிறகு டீச்சர், சிரிப்பா அழுகையா என்று சொல்லமுடியாமல். அண்ணாச்சியும் கோணிய வாயோடு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிக்க உரிமை இல்லை என்று தோன்றியது.

அந்தக் காரில் அவர் இறுதிவரை போய்வந்தார். கதவு ஒரு நாளும் திறக்கவில்லை என்று டீச்சர் பின்னால் சொல்லி அனுப்பினார். உப்புச்சாமி என்ற பெயரை நான் அன்றே இறக்கி வைக்கப் பார்த்தேன். ஊர் விடவில்லை. ஆனால் உப்புக் கேட்டு வருகிறவர்களுக்குத் திருநீறு மட்டும் கொடுத்தேன். அது எந்த இரும்பையும் தின்னாது.

அதற்குப் பின் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் மேஸ்திரியும் நானும் அவருடைய ஸ்கூட்டரில் பழைய வண்டிகளைத் தேடிப் போவோம். டீச்சருடையதையும் சேர்த்துப் பதினான்கு கார்களில் திரியை எடுத்துவிட்டோம். மூன்று ஏற்கெனவே இரும்புக் கடைக்குப் போயிருந்தன. மேஸ்திரி மௌத்தாகி நாலு வருடம் ஆகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் டவுணில் ரத வீதிகளில் பழைய கார் நின்றால் குனிந்து படிப்பெட்டியின் அடியைத் தடவிப் பார்க்காமல் கடக்கமுடியவில்லை. சாமி காருக்கும் கும்பிடு போடுதாரு என்று கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மலரை வாசிக்கிற தம்பிகளுக்கு நான் கேட்பது ஒன்றுதான். பழைய காரை விறைப்பாக்க யாராவது கொண்டுவந்தால், சிவப்புக் கம்பியைத் தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன்னால் படிப்பெட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு விரலை விடுங்கள். பச்சைக் கட்டம் போட்ட கைலித் துணி, இரட்டை முடிச்சோடு கையில் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். கூலி வேண்டாம். அந்த இருபதில் இன்னும் மூன்று கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் கதவோரத்தில் யாரோ சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.